நிழல் தொடர்ந்த நெடுவழி: ப. ஜீவானந்தம்

மேற்குத் தாம்பரத்தில் ஓர் ஓலைக் குடிசை. சென்னைச் சட்டமன்றத்தில் ஐந்தாண்டுக் காலம் உறுப்பினராய் அமர்ந்தவரும், தமிழகத்தின் மூலை முடுக்கெல்லாம் ஆயிரம் ஆயிரமாய் மக்கள் திரண்டு கேட்ட சொற்பொழிவாளரும், கட்சி ஏடொன்றையும் இலக்கிய ஏடொன்றையும் தோற்றுவித்த ஆசிரியருமான ப. ஜீவானந்தம் தம் வாழ்வின் இறுதிப் பகுதியை மனைவி மக்களோடு அங்கேதான் கழித்தார். 1931 முதல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார இரயில் ஓடிக்கொண்டிருந்தது. கிழக்கே கிறித்தவக் கல்லூரியின் மரஞ்செறிந்த வளாகம். சற்று வடக்கே, சானடோரியம் என்றே மக்கள் வாயில் வழங்கிய காசநோய் மருத்துவமனை. தண்டவாளத்துக்கு மேற்கே எளிய மக்களின் குடியிருப்புகள். பூட்டி வைக்கத் தக்க பொருள் ஏதும் இல்லாத அந்தக் குடிசைக்கு வந்து சேருமுன், 1930-களின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ இருபதாண்டுக் காலம், இரண்டு அரசுகளின் இரகசியப் போலீசார் அம்மனிதரைத் தொடர்ந்து சென்றனர். ஜீவாவின் வாழ்க்கையை எழுதியோர் அவருடைய தியாகத்தையும் எளிமையையும் விரிவாகவே எழுதியுள்ளனர். அவரைத் தொடர்ந்து வந்த நிழலைப் பற்றி எழுதியது குறைவு.

நாஞ்சில் நாட்டுப் பூதப்பாண்டியில் 1907 ஆகஸ்டு 21-ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் பட்டன் பிள்ளையும் உமையம்மையும். குலதெய்வத்தின் நினைவாக இட்ட பெயர் சொரிமுத்து. ஊர் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. கோயில் தெருவில் யார் நடக்கலாம், யார் எத்தனை அடி விலகி நிற்க வேண்டும் என்பதெல்லாம் அங்கே எழுதாச் சட்டமாக இருந்தது. ஆசாரம் மிகுந்த வேளாளர் குடும்பத்துச் சிறுவன், தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட தன் தோழனைத் தன் தெருவழியே அழைத்துச் சென்றான். அதனால் எழுந்த பகை இறுதியில் அவனை வீட்டைவிட்டே வெளியேற்றியது. 1924-இல் வைக்கம் அறப்போர் தொடங்கியபோது அவருக்குப் பதினாறு வயது. அப்போரிலும், அதனையடுத்துச் சுசீந்திரம் கோயிலைச் சூழ்ந்த தெருக்களுக்காக நடந்த போரிலும் அவர் பங்கு கொண்டார் என்று வரலாறு எழுதியோர் குறிப்பர். அத்தெருக்களும் கோயிற் கதவுகளும் எல்லார்க்கும் திறப்பதற்கு 1936 நவம்பரில் வந்த ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்துக்கு அவர் சென்றதும், அங்கே உணவுப் பந்தியில் சாதி புகுந்ததைக் கண்டு வெளியேறியதும், காரைக்குடியை அடுத்த சிராவயலில் காந்தி ஆசிரமத்தில் தொண்டாற்றியதும் பலரும் அறிந்தவை. வருணாசிரமத்தைப் பற்றிக் காந்தியடிகள் சொன்ன விளக்கத்தை ஏற்க மறுத்து அவர் கடிதம் எழுதினார். 1927-இல் தமிழகப் பயணத்தின்போது காந்தியடிகள் சிராவயலுக்கே வந்து அந்த இருபது வயது இளைஞரைச் சந்தித்தார். தலைவரைப் போற்றிக்கொண்டே தலைவரோடு வாதாடும் பழக்கம் ஜீவாவுக்கு அன்றே வந்துவிட்டது. பிற்காலத்தில் அதனால் பெற்ற காயங்களும் உண்டு.

பெயர்களின் கதை ஒன்றும் இவ்விடத்திற்கு உரியது. சொரிமுத்து ஜீவானந்தம் ஆனார். தனித்தமிழ்ப் பற்று மேலிட்டபோது ஜீவானந்தம் உயிரின்பன் ஆனார். பின்னர் மறைமலையடிகளைக் காணப் பல்லாவரம் சென்றார். கதவைத் தட்டியதும் உள்ளிருந்து வந்த வினாவில் தபால்காரரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் இருந்ததாம்; இளைஞரின் உற்சாகம் அங்கேயே வடிந்துவிட்டதாம். கதை எவ்வளவு மெய்யோ, உயிரின்பன் மீண்டும் ஜீவானந்தம் ஆனது மெய். தாம்பரத்துக்கு மூன்று நிலையங்கள் முன்னதாக உள்ள பல்லாவரத்தில் உதிர்ந்த பெயர் அது. போலீஸ் குறிப்பேடுகளில் 'என்கிற' என்னும் சொல்லுக்கு ஓயாத வேலை உண்டு. ஒருவருக்கு இரண்டு பெயர் இருந்தாலே ஐயத்துக்கு இடமுண்டு. ஜீவாவுக்கு நான்கு பெயர்கள் வழங்கின. அவற்றுள் ஒன்றும் ஒளிந்துகொள்வதற்காகச் சூடிய பெயரன்று.

தமிழ் மேடைக்கும் போலீசுக்கும் உள்ள உறவு பழையது. சென்னை மாகாணத்தில் குற்றப் புலனாய்வுத் துறை 1906-இல் உருவாயிற்று. ஈராண்டுகளுக்குள் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் நிகழ்ந்த சொற்பொழிவுகள் அதற்குப் பெரிய வேலையைத் தந்தன. 1908-இல் வ.உ. சிதம்பரனார் மீதும் சுப்பிரமணிய சிவா மீதும் நடந்த வழக்கில் மேடைப் பேச்சே குற்றச்சாட்டின் உயிராக இருந்தது. பேச்சைக் கேட்ட போலீசார் எழுதி வைத்த குறிப்புகள் நீதிமன்றத்தில் சாட்சியங்களாயின. அவ்வழக்கின் அனுபவத்துக்குப் பின் தமிழ்ச் சுருக்கெழுத்தில் பயிற்சி பெற்ற போலீசார் கூட்டங்களுக்கு வரலாயினர். மேடைக்கு அருகே மேசை போட்டு, விளக்கு வைத்து, எழுதுகோலோடு அமர்ந்த அந்த அரசு ஊழியர் நம் பொதுக்கூட்டங்களின் நிலையான உறுப்பினர் ஆகிவிட்டார். வெளிப்படையாக வந்தவர் அவர். கூட்டத்தில் வேட்டி துண்டோடு கலந்து நின்றவர்கள் வேறு. தபால் நிலையத்தில் கடிதங்களைப் பிரித்து ஒட்டியவர்கள் வேறு. புதுச்சேரியில் பாரதி பத்தாண்டுகள் பட்ட பாடு கவிஞர்கள் அறியாததன்று.

இவ்வாறு திரண்டவை மேலே சென்ற வழியும் ஒழுங்கானது. தமிழ் ஏடுகளின் சாரத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அரசுக்கு அளிக்கும் அறிக்கைகள் இருந்தன. பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை மாகாண அரசு டில்லிக்கு இரகசிய அறிக்கை அனுப்பியது. டில்லியில் உளவுத்துறைத் தலைவர்களாக இருந்த சீசில் கே, டேவிட் பெட்ரி, ஹோரஸ் வில்லியம்சன் ஆகிய மூவரும் ஒருவர்பின் ஒருவராக இந்தியப் பொதுவுடைமை இயக்கம் குறித்து அரசினரின் கண்ணுக்கு மட்டுமென நூல்கள் எழுதினர். பெட்ரி பின்னாளில், 1941-இல், பிரிட்டனின் உள்நாட்டு உளவமைப்புக்கே தலைவரானார். சென்னைச் சிங்காரவேலர் மீது 1924-இல் தொடுத்த கான்பூர்ச் சதி வழக்கிற்கு அடிப்படை, வழியிலேயே பிரித்துப் படிக்கப்பட்ட கடிதங்கள்தாம்.

வள்ளுவர் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். ஒற்று வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் ஆராயப்பட வேண்டியவர்களை எண்ணும்போது அரசனுக்காக வினைசெய்வோரையே முதலில் வைத்தார். பகைவரைக் கடைசியில் வைத்தார். ஓர் ஒற்றன் கொணர்ந்ததை இன்னோர் ஒற்றனால் சரிபார்க்கவும் சொன்னார். சென்னை மாகாணத்து வெள்ளை அரசு இந்த அதிகாரத்தின் பாதியையே பின்பற்றியது எனலாம்.

சட்டமறுப்புப் போரில் 1932-இல் சிறை சென்ற ஜீவா, அங்கே வடநாட்டுப் புரட்சியாளர்களோடு பழகி வெளியே வந்தபோது பொதுவுடைமைக் கருத்துகளை ஏந்தி வந்தார். சுயமரியாதை இயக்கத்தில் அது கொந்தளிப்பான காலம். சோவியத் நாட்டைக் கண்டு திரும்பிய பெரியாரும், வயதில் மூத்த சிங்காரவேலரும் சமதர்மத் திட்டத்தை ஈரோட்டில் வகுத்திருந்தனர். சாதி ஒழிப்பும் வர்க்க ஒழிப்பும் ஒரே ஏரில் பூட்டப்பட்ட அந்தச் சில ஆண்டுகள் தமிழக வரலாற்றில் மீண்டும் வாய்க்காதவை. அரசு அதனை நன்றாகவே கவனித்தது. குடி அரசில் 1933 அக்டோபரில் வெளிவந்த தலையங்கத்துக்காகப் பெரியாரும், ஏட்டின் பொறுப்பில் இருந்த அவர் தங்கை கண்ணம்மாளும் சிறைப்பட்டனர். 1934 ஜூலையில் இந்தியப் பொதுவுடைமைக் கட்சி சட்டவிரோதமென அறிவிக்கப்பட்டது.

இந்த நேரத்தில்தான் பகத் சிங் சிறையிலிருந்து எழுதிய, தாம் நாத்திகரானதற்கான காரணங்களைக் கூறும் கட்டுரை தமிழில் வந்தது. லாகூரில் 1931 செப்டம்பரில், அவர் தூக்கிலிடப்பட்ட ஆறு திங்களுக்குப் பின், ஆங்கிலத்தில் வெளியான கட்டுரை அது. பெரியார் சொல்ல, ஜீவா மொழிபெயர்த்தார். ஈரோட்டிலிருந்து சிறு நூலாக அது வந்ததும் அரசு வழக்குத் தொடுத்தது. மொழிபெயர்த்த ஜீவாவும், வெளியிட்ட பொறுப்புக்காகப் பெரியாரின் தமையனார் ஈ.வெ. கிருஷ்ணசாமியும் கைதாயினர். ஜீவாவை விலங்கிட்டுத் தெருவழியே நடத்திச் சென்றனர் என்பர்.

அதற்குப் பின் நடந்ததே ஜீவாவின் வாழ்வில் ஆறாத புண். இயக்கமே தடைசெய்யப்படும் நிலை வருகிறது என்று பெரியார் கருதினார். சாதி ஒழிப்புப் பணிக்கு அமைப்பு உயிரோடிருக்க வேண்டும்; ஒரு சிறு நூலுக்காக அதனை இழக்கலாகாது என்பது அவர் கணக்கு. மன்னிப்பு எழுதிக் கொடுத்து வெளியே வரச் சொன்னார். ஜீவா எழுதிக் கொடுத்தார், வெளியே வந்தார், வந்த பின் தம்மையே மன்னிக்க இயலாது தவித்தார். சமதர்மப் பிரசாரத்தை இயக்கம் கைவிட்டபோது பிளவு உறுதியாயிற்று. ஜீவாவும் நண்பர்களும் பிரிந்து சுயமரியாதைச் சமதர்மக் கட்சி கண்டனர். 1936-இல் திருச்சியில் டாங்கே தலைமையில் மாநாடு கூட்டினர். பின்னர் காங்கிரஸ் சோஷலிஸ்டுகளோடு இணைந்தனர்.

பெரியார் செய்தது சரியா, ஜீவா செய்தது சரியா என்று வழக்காடுவோர் இன்றும் உளர். இருவருள் எவரையும் கோழை என்று சொல்ல நேர்மையுள்ளவர் எவருக்கும் நாவெழாது. வழக்காடுவோர் மறந்துவிடும் மூன்றாவது தரப்பு ஒன்று உண்டு. சிறைத் தண்டனையைவிட அரசுக்கு மதிப்பு மிக்கதாக இருந்தது அந்தப் பிளவுதான். இரவும் பகலும் எழுதிய குறிப்புகள், பிரித்த கடிதங்கள், அறிக்கைகள் ஆகிய அனைத்துக்கும் கிடைத்த பெரிய ஊதியம் அது. கவனிக்கப்படுகிறோம் என்னும் உணர்வு ஓர் இயக்கத்துக்குள் நுழைந்தபின், எதைச் சொல்லலாம் எதை விடலாம் என்று இயக்கமே தன்னைத் தணிக்கை செய்யத் தொடங்குகிறது. சாதியையும் வறுமையையும் ஒருசேரப் பேசிய குரல் இரண்டாகி, இரண்டு மேடைகளில் ஒன்றையொன்று ஏசிக்கொண்டது.

ஜனசக்தி 1937-இல் பிறந்தது. அதன் பக்கங்களில் ஜீவா கட்டுரையும் பாட்டும் எழுதினார். ஆயினும் அவர் மேடைக்கே பிறந்தவர். கம்பனையும் பாரதியையும் அவர் மேடையில் எடுத்துச் சொன்ன விதத்தைக் கேட்டவர்கள் மறந்ததில்லை. தொழிலாளர் கூட்டத்தில் கம்பன் வருவான். கம்பன் விழாவில் கூலி உயர்வு வரும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இலக்கிய அன்பர்கள் கைதட்டி, கண்கலங்கி, வீடு சென்று மறந்தார்கள். ஒரு சொல்லும் விடாமல் எழுதிக்கொள்ள வேண்டிய கடமை முன்வரிசைச் சுருக்கெழுத்துப் போலீஸ்காரருக்கே இருந்தது. கம்பன் பாட்டு வரும்போது அந்த எழுதுகோல் என்ன செய்திருக்கும் என்பது கவிஞர்கள் எண்ணிப் பார்க்கத் தக்கது. இது இராசத்துரோகம் ஆகுமா ஆகாதா என்று தீர்மானிக்க அவருக்கு நேரம் ஏது? பாரதி பாடல்களையே 1928-இல் சென்னை அரசு பறிமுதல் செய்திருந்தது. பாட்டென்றால் பயமில்லை என்று எந்தப் போலீஸ்காரரும் கருதியிருக்க இயலாது. தம் பேச்சைத் தொகுத்து வைக்கும் வழக்கம் ஜீவாவிடம் இல்லை. இலக்கியத்தைக் காதலித்த மக்கள் செய்யத் தவறிய பணியை, இலக்கியத்தில் அக்கறை இல்லாத அரசு கூலி கொடுத்துச் செய்ததென்றால் அது தமிழுலகுக்குப் பெருமை தருவதன்று.

இரண்டாம் உலகப் போர் வந்தது. பொதுவுடைமையினர் போர் எதிர்ப்பில் இறங்கினர். சென்னையில் இரகசிய அச்சகம் நடத்தி அறிக்கைகள் வெளியிட்டோர் பிடிபட்டு, பி. இராமமூர்த்தி, மோகன் குமாரமங்கலம் முதலியோர் மீது 1941-இல் சென்னைச் சதி வழக்கு நடந்தது. ஜீவாவுக்கு வேறுவகைத் தண்டனை கிடைத்தது. சென்னை மாகாணத்தைவிட்டே வெளியேற வேண்டும் என்று ஆணை பிறந்தது. பம்பாயில் தமிழ்த் தொழிலாளர்களிடையே இயங்கினார், கைதானார், பின்னர்ப் பூதப்பாண்டியைவிட்டு நகரக்கூடாது என்ற கட்டுக்குள் வைக்கப்பட்டார். சாதித் தெருவில் தோழனோடு நடந்ததற்காக அன்று ஊர் வெளியே தள்ளியது. இப்போது அதே ஊரைவிட்டு நகராதே என்று அரசு தடுத்தது.

நாடு விடுதலை பெற்றது. ஓராண்டு நிறையுமுன்னே ஜீவா மீண்டும் தேடப்படுபவர் ஆனார். 1948-இல் கல்கத்தாவில் கூடிய மாநாட்டில் பொதுவுடைமைக் கட்சி மேற்கொண்ட போர்க்கோலமும், அதற்கு மாகாண அரசு காட்டிய கடுமையும் சேர்ந்து ஆயிரக்கணக்கானோரைச் சிறைக்கும் தலைமறைவு வாழ்வுக்கும் அனுப்பின. 1949-இல் சென்னை மாகாணத்தில் கட்சி தடை செய்யப்பட்டது. 1950 பிப்ரவரி 11-ஆம் நாள் சேலம் சிறையில் துப்பாக்கிச் சூட்டில் இருபத்திரண்டு பேர் மாண்டனர். விடுதலைக்குப் பின்னும் இரகசியப் போலீசின் குறிப்பேடுகளைப் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கவில்லை; பழைய ஏட்டிலேயே அடுத்த பக்கம் எழுதினார்கள். கட்சியின் கொள்கை அன்று தவறானது என்று கட்சியே பின்னாளில் ஒப்பியது. தவறான கொள்கை கொண்டவனையும் சட்டப்படியே நடத்த வேண்டும் என்பதை மாகாண அரசு ஒப்புவதற்கு நீதிமன்றங்கள் தேவைப்பட்டன. மக்கள் கல்விக் கழகம் என்ற அமைப்பைத் தடை செய்த சென்னை அரசின் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1952-இல் செல்லாதென்றது.

தலைமறைவு வாழ்வு ஜீவாவுக்கு எளிதன்று. அடர்ந்த மீசையை மறைக்கலாம். அந்தக் குரலை எங்ஙனம் மறைப்பது? பேசாதிருப்பதே ஒரே வழி. பேசாத ஜீவா என்பதைவிடக் கொடிய தண்டனையை எந்த நீதிபதியும் அவருக்கு விதித்திருக்க முடியாது. கடல் கடந்து இலங்கை சென்றார். யாழ்ப்பாணத்தில் தங்கியிருந்தபோது அங்குள்ள பொதுவுடைமைத் தோழர்கள்வழி இளைஞர் சிலர் அவரைச் சந்தித்தனர். அவர்களுள் ஒருவர் முடிதிருத்தும் தொழிலாளர் குடும்பத்தில் 1927-இல் பிறந்த டொமினிக். பள்ளியில் சாதியின் பெயரால் அவமதிக்கப்பட்டுப் படிப்பை விட்டவர் அவர். அந்தச் சந்திப்புக்குப் பின் ஜீவாவின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்டு டொமினிக் ஜீவா ஆனார். தண்ணீரும் கண்ணீரும் என்னும் சிறுகதைத் தொகுதிக்கு இலங்கை சாகித்திய மண்டலப் பரிசு பெற்றார். 1966 முதல் முடிதிருத்தகத்தையே அலுவலகமாகக் கொண்டு மல்லிகை இதழை நடத்தினார். 2021-இல் மறையும் வரை ஈழத்து இலக்கியத்தின் ஒரு தூணாக நின்றார். இன்னொருவர் கே. டானியல். யாழ்ப்பாணத்தில் தேநீர்க் கடை வாசலிலும் கோயில் வாசலிலும் நடந்த தீண்டாமை எதிர்ப்புப் போர்களில் நின்றவர். பஞ்சமர் முதலிய நாவல்களை எழுதியவர். 1986-இல் தஞ்சை மண்ணில் மறைந்தவர். ஈழத்துத் தலித் இலக்கியத்தின் தொடக்க வரலாற்றில் இவ்விருவர் பெயரையும் தவிர்க்க இயலாது. சென்னை மாகாணப் போலீசார் ஜீவாவைத் துரத்தாமல் இருந்திருந்தால் அவர் யாழ்ப்பாணத்தில் அத்தனை நாள் தங்கியிருப்பாரா என்பது ஐயமே.

1952 பொதுத்தேர்தலில் வடசென்னையின் வண்ணாரப்பேட்டை மக்கள் ஜீவாவைச் சட்டமன்றத்துக்கு அனுப்பினர். பொதுவுடைமையினரைத் தம் முதற்பகைவர் என்று முதலமைச்சர் இராஜாஜி அறிவித்த மன்றம் அது. தமிழே ஆட்சிமொழியாக வேண்டும், மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்னும் பெயர் வேண்டும் என்று ஜீவா அங்கே வாதாடினார். நேற்று வரை பின்னால் வந்த போலீஸ்காரர் இன்று வணக்கம் வைக்கும் நிலை. அரசியலில் இத்தகைய நகைச்சுவைக்குக் குறைவில்லை. 1957-இலும் 1962-இலும் தேர்தலில் தோற்றார்.

தோல்விகள் அவரை இலக்கியத்தின் பக்கம் மீண்டும் தள்ளின எனலாம். ஐம்பதுகளின் இறுதியில் தாமரை இதழ் தோன்றியது. 1961-இல் கோவையில் தமிழ்நாடு கலை இலக்கியப் பெருமன்றம் பிறந்தது. கட்சிக்கு வெளியே உள்ள எழுத்தாளரையும் அவர் அன்போடு அழைத்தார். இரகசியப் போலீசின் கண்ணிலும் கட்சிக் கட்டுப்பாட்டின் கண்ணிலும் வளர்ந்த ஒருவர் எழுத்தாளனைச் சந்தேகத்தோடு பார்க்காதிருந்தது சிறிய செய்தியன்று. அவர் வழிவந்த சிலர்க்கு அந்த மனவிரிவு வாய்க்கவில்லை.

ஜீவா தாம்பரத்தில் வாழ்ந்த அதே காலத்தில், 1959 பிப்ரவரியில், மார்ட்டின் லூதர் கிங் இந்தியாவுக்கு வந்து ஒரு மாதம் சுற்றினார். சென்னை, காந்திகிராமம், திருவனந்தபுரம், குமரிமுனை ஆகிய இடங்களும் அப்பயணத்தில் அடங்கும். ஜீவாவின் பூதப்பாண்டி குமரிமுனைக்கு வெகு தொலைவில் இல்லை. திருவனந்தபுரத்தில் தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகள் பயின்ற பள்ளிக்கு அவர் சென்றபோது, அமெரிக்காவிலிருந்து வந்த தீண்டத்தகாதவர் என்று தலைமையாசிரியர் அவரை அறிமுகம் செய்தார். கிங் முதலில் அதிர்ந்தார். பின் எண்ணிப் பார்த்து, ஆம், தாமும் தம் நாட்டுக் கறுப்பின மக்கள் அனைவரும் அத்தகையோரே என்று உணர்ந்தார். இதனைப் பின்னாளில் அவரே தம் தேவாலய உரை ஒன்றில் கூறினார். நிறத்தால் வந்த இழிவும் பிறப்பால் வந்த இழிவும் அந்தப் பள்ளி மேடையில் ஒன்றையொன்று அடையாளம் கண்டன.

அந்த இழிவுகளை எதிர்த்தோரைத் தொடர்ந்த நிழல்களும் ஒரே இனத்தவை. ஜீவா மறைந்த அதே 1963-ஆம் ஆண்டின் அக்டோபரில் கிங்கின் தொலைபேசியை ஒட்டுக்கேட்க அமெரிக்காவின் தலைமை வழக்கறிஞர் ராபர்ட் கென்னடி ஒப்புதல் தந்தார். கிங் பொதுவுடைமையினரின் கைப்பாவையா என்பதை அறியவே இது என்று காரணம் சொன்னார்கள். அடுத்த ஆண்டு அவரைத் தற்கொலைக்குத் தூண்டும் பெயரில்லாக் கடிதத்தை அந்நாட்டுக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையே அனுப்பியது. 1971-இல் பென்சில்வேனியாவில் அத்துறையின் சிறிய அலுவலகமொன்றில் புகுந்த சிலர் கோப்புகளை எடுத்து ஏடுகளுக்கு அனுப்பியதாலும், 1975-இல் மேலவைக் குழு ஒன்று விசாரித்ததாலுமே உலகம் இவற்றை அறிந்தது. பிரிட்டனில் 1968 முதல் போலீசார் பொய்ப் பெயரோடு போராட்டக் குழுக்களில் உறுப்பினராய்ச் சேர்ந்து வாழ்ந்தனர். இனவெறியர் 1993-இல் கொன்ற ஸ்டீபன் லாரன்ஸ் என்னும் இளைஞனுக்கு நீதி கேட்ட குடும்பத்தைச் சுற்றியும் வேவு நடந்தது. அதனை ஆராயும் பொது விசாரணை 2015-இல் அமைக்கப்பட்டது. தமிழ் மண்ணில் அத்தகைய விசாரணை எதுவும் எக்காலத்தும் அமைந்ததில்லை. தேடுவார் தேடட்டும் என்று எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் வெள்ளை அரசின் கோப்புகள் கிடக்கின்றன. அவற்றைப் பிரிப்போர் வரலாற்று மாணவர்களே அன்றி இலக்கியவாணர் அல்லர்.

தாம்பரத்துக் குடிசைக்குக் காமராசர் வந்த நிகழ்ச்சி தமிழகத்தில் நாட்டார் கதைபோலவே வழங்குகிறது. அவ்வட்டாரப் பள்ளி விழா ஒன்றிற்கு வந்த முதலமைச்சர், ஜீவாவையும் உடனழைத்துச் செல்ல எண்ணி வீட்டைத் தேடி வந்தார். இந்த இடத்திலா வாழ்கிறீர் என்று திகைத்தார். அரசு வீடு தருவதாகச் சொன்னார். சுற்றியுள்ள குடிசைவாசிகள் அனைவர்க்கும் வீடு வரட்டும், பிறகு தமக்கு வரட்டும் என்று ஜீவா மறுத்தார். விவரங்கள் சொல்பவர்க்குச் சொல்பவர் மாறும். ஆனால் கதையின் நடுவே உள்ள இரு மனிதரின் உறவு மாறாதது. ஜீவா தலைமறைவாய் அலைந்த காலத்தில் மாகாணக் காங்கிரசின் தலைவராய் இருந்தவர் காமராசர். ஒருவர் கட்சியின் அரசு மற்றவரைத் தேடியது. தேடியவர் வீட்டுக்கும் தேடப்பட்டவர் வீட்டுக்கும் நடுவே பகை வளராமற் போனதற்குத் தமிழக அரசியலில் இன்னோர் எடுத்துக்காட்டுத் தேட வேண்டும்.

1963 ஜனவரியில் தாம்பரத்து வீட்டில் ஜீவா நெஞ்சுநோயால் வீழ்ந்தார். சென்னைப் பொது மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். 18-ஆம் நாள் காலமானார். வயது ஐம்பத்தைந்து. தாமரை அவருக்குச் சிறப்பு மலர் வெளியிட்டது. அதில் நாகர்கோயில்காரரான சுந்தர ராமசாமி எழுதிய நினைவுக் கட்டுரைக்கு இட்ட தலைப்பு, காற்றில் கலந்த பேரோசை.